ரகுவின் மைக் உனக்கு வேண்டாம்

பெரியவனே,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்தேன். எடுத்த கையோடு வைத்தும் விட்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் மூச்சு வாங்கப் பேசி முடிப்பேன், நீ அந்தப் பக்கம் "சரிம்மா" என்பாய், அதோடு பேச்சு முடிந்துவிடும். நீ பிறந்ததிலிருந்து உன்னோடு ஒரு சண்டை போட எனக்கு வாய்த்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் சரி என்கிறவனோடு யார்தான் சண்டை போட முடியும்? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. பாதியில் ஆபீஸ் போன் வந்தால் அதை எடுக்காதே.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை, விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தம்பி ரகு போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. அவன் பெயரில் பட்டாபிராம் பையன்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை கபடிப் போட்டி நடத்துகிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மைக்கைப் பிடித்து வர்ணனை செய்யப்போவது ரகுவின் அண்ணன் என்று நோட்டீஸ் அடித்து ஸ்டேஷன் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். உன் போட்டோவும் அவன் போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காய்கறி வாங்கப் போனவள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பார்த்தேன். அந்த மைக்கை நீ தொட வேண்டாமப்பா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கொஞ்ச நாளாகவே மைக் பிடிப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீயா சொன்னாய்? பூந்தமல்லி மணி வந்து சொன்னார். பூந்தமல்லியில் பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். அந்தப் பக்கத்துக் கபடிப் போட்டிகளுக்கெல்லாம் அவர்தான் வர்ணனை. ஒரு ஊரில் போட்டி என்றால் ரகுவைக் கூப்பிடுவதா மணியைக் கூப்பிடுவதா என்று எப்போதும் ஓர் இழுபறி இருக்கும், அதனால் இரண்டு பேருக்கும் ஆகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் நம் திருநின்றவூர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது எனக்கு ஆச்சரியம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சொல்றன்னு தப்பா எடுத்துக்காத. பெரியவரு மைக்கு புடிச்சிகினு கீறாரு, தெர்யுமா?"

"எந்த மைக்கு?"

"ரகு மைக்குதாம்மா. கொஞ்ச நாளாவே நடக்குது. பசங்க ரகு மூஞ்சிக்காவ கூப்புடுறாங்க, இவுரும் வந்துடுறாரு. ஆனா அவுருக்கு வர்லம்மா. தொண்ட கட்டிகினு, வேர்த்து ஊத்திகினு, அவுரு படுறத என்னால பாக்க முடில. நீ சொன்னா கேப்பாரு. வுட்டுடச் சொல்லும்மா."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "உனக்குப் பொறாமையா?" என்று கேட்டுவிட்டேன். என் பிள்ளையை ஒருவர் குறை சொன்னால் என் வாய் சும்மா இருக்குமா? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ரகு இருந்தப்போ பொறாமப்பட்டன்ம்மா, இல்லன்னு சொல்லல. இப்போ யாரு மேல பொறாமப்படுறது?" என்றார். சொல்லிவிட்டு அந்த ஆள், அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். என் பிள்ளைக்காக வெளி ஆள் ஒருவர் அப்படி அழுது அன்றுதான் பார்த்தேன். நானும் அழுதேன்.

அவர் போன பிறகு ரேவதிக்குப் போன் போட்டேன். உன் பெண்டாட்டி நல்லவள், உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ரொம்ப நேரம் மழுப்பினாள். அப்புறம் உடைந்துவிட்டாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ரகு பேசுகிற மாதிரி பேசிப் பழகுகிறாயாமே. டாக்டர் உன் தொண்டையைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் பேசவே கூடாது என்று சொன்னாராமே. "அத்த, வீட்டுல எங்ககிட்ட அவர் பேசுறதே இல்ல. தொண்டைய ஞாயித்துக்கிழமைக்கு எடுத்து வைக்கிறாராம்" என்றாள். ஒரு பிள்ளையை வாரிக் கொடுத்தாகிவிட்டது. இருக்கிற ஒருவனையும் நீயே கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டிருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆபீசில் வேலை இருக்கிறது என்று சொன்னாயே, அன்றைக்கு நான் பட்டாபிராம் மைதானத்துக்கு வந்தேன். டீக்கடைக்குப் பின்னால், பெண்கள் நின்றிருந்த பக்கமாக நின்றேன். நீ ரகுவின் தொப்பியைப் போட்டிருந்தாய். அவன் ஆரம்பிக்கிற மாதிரியே, "கண்ண மூடாதீங்க, கண்ண மூடாதீங்க, மூடுனா போச்சு" என்று ஆரம்பித்தாய். சொற்கள் எல்லாம் அவனுடையவைதான், ஒன்றும் குறையவில்லை. ஆனால் நீ அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டக்காரன் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியே போய்விட்டான். உனக்கு யார் பெயரும் தெரியவில்லை. "ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர்" என்றாய். கூட்டம் பேசாமல் நின்றது. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் கைதட்டினான், அவனைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். நல்ல பையன்கள். உன்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தட்டினார்கள். நீ சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். பப்ளிக் பரீட்சை ஹாலில் உன்னை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது உன் முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது. ரகுவுக்கு ஒரு நாளும் அந்த முகம் இருந்ததில்லை. கடைசியில் காய்ச்சலோடு போய்ப் பேசினானே, அன்றைக்குக்கூட மைதானத்திலிருந்து சிரித்துக்கொண்டுதான் வந்தான். ரசம் வைத்துக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் படுத்தான். அப்புறம் ஆஸ்பத்திரிதான், அப்புறம் ஒன்றுமில்லை.

அவன் எப்படி அப்படி ஆனான் என்று நீ யோசித்திருக்கிறாயா? நீ புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்ததால் பார்த்திருக்க மாட்டாய், நான் பார்த்தேன். ஆவடியில் அப்பாவின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது, கரண்ட் போய் டிவி அணைந்துவிடும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் 'ச்சே' என்று கத்துவார்கள். இவன் மட்டும் சமையல்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு கரண்டியைக் கையில் பிடித்து, "இதோ அம்மா தோசைக்கல்ல வெக்கிறாங்க, எண்ணெய் தடவுறாங்க, அடடா, ஒரு சொட்டுகூட வேஸ்ட் இல்ல, மாவு வருது, மாவு வருது, என்னா வட்டம் பாருங்க" என்று ஆரம்பிப்பான். எனக்குச் சிரிப்பு தாங்காது. சிரிப்பில் தோசை தீய்ந்துவிடும், அதையும் அவன் விடமாட்டான். அத்தனை வருடம் தோசை சுட்டிருக்கிறேன், நான் வட்டமாகச் சுடுகிறேன் என்று வேறு யாரும் சொன்னதில்லை. அடுத்த நாளிலிருந்து நான் இன்னும் கவனமாகச் சுட ஆரம்பித்தேன். அவன் வேலை அதுதான். நமக்கே தெரியாமல் நம்மிடம் இருக்கிறதைப் பார்த்து, சத்தமாகச் சொல்லிவிடுவான்.

உங்கள் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஷிப்ட் முடிந்து களைத்துப்போய் வருகிற மனிதர், வீட்டில் ஒருவன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் என்ன செய்வார்? "வாயி மட்டும் இல்லன்னா உன்ன நாய் இழுத்துட்டுப் போயிடும்டா" என்பார். உன் மார்க்கைச் சட்டைப் பையில் மடித்து எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவார், கேன்டீனில் எல்லோருக்கும் காட்டுவார். ரகுவைப் பற்றி யாராவது கேட்டால் "இருக்கான்" என்பார். போய்ச் சேர்ந்தவரைக் குறை சொல்லவில்லை. குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எந்த வீட்டுப் பையன் எந்தக் காலேஜ், எந்த கம்பெனி, அது ஒன்றுதான் அங்கே பேச்சு. ஒரே மாதிரி கட்டின வீடுகளுக்குள் ஒரே மாதிரி பிள்ளைகளைத்தான் வளர்க்கத் தெரிந்தது எங்களுக்கு. நீ அதற்குள் ஒழுங்காகப் பொருந்தினாய், ரகு பொருந்தவில்லை. பொருந்தாதவனை நினைத்துத்தான் அத்தனை வருடமும் கவலைப்பட்டேன். பொருந்தினவன் என்ன ஆனான் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

அவன் ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் மைக்கோடு கிளம்பியதும் உனக்குத் தெரிந்ததுதான். அவன் பேசுவதை நான் போய்க் கேட்டிருக்கிறேன். ஜெயிக்கிறவனை யார் வேண்டுமானாலும் புகழலாம். இவன் தோற்கிறவனிடம் எதையாவது கண்டுபிடிப்பான். ஒரு பையன், எதிரணிக்குள் எப்போது போனாலும் மாட்டிக்கொள்வான். அவனைப் பற்றி ரகு மைக்கில், "மாட்டுவான்னு தெரிஞ்சும் போறான் பாருங்க, இந்தத் தைரியம் எத்தன பேருக்கு வரும்? ஒரு கை தட்டுங்க" என்றான். அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறவர், கோடு போடுகிறவர், எலுமிச்சம்பழம் நறுக்குகிற அக்கா என்று ஒருவரையும் விடமாட்டான். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பான், அந்தப் பெயரிலேயே அவர்களை இன்றைக்கும் ஊரில் கூப்பிடுகிறார்கள். அவன் பெயர் மறந்துபோய்விடும் என்று ரேவதியிடம் சொன்னாயாமே. அவன் வைத்த பெயர்களே இன்னும் மறக்கவில்லை, அவனையா மறப்பார்கள்? நீ போய் அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

மணி இன்னொன்றும் சொன்னார், அது உனக்குத் தெரிய வேண்டும். மணி பேசுகிற போட்டிகளுக்கு ரகு டிக்கெட் எடுத்த மாதிரி முன்னாலேயே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவானாம். முதலில் மணிக்கு எரிச்சல், நம்மைக் கிண்டல் செய்ய வந்திருக்கிறான் என்று. போட்டி முடிந்ததும் ரகு வந்து, "அண்ணாத்தே, கடசி நிமிசத்துல நீ ஒண்ணும் பேசாம சும்மா வுட்ட பாரு, அது எனுக்கு வராது. நான் பேசிக் கெடுத்துருப்பேன்" என்றானாம். "என் தொழில்ல எதிரி அவன். என்னாண்ட நல்லா கீற ஒண்ண அவன் வந்துதான் எனுக்கு சொன்னான்" என்று மணி சொன்னபோது, நான் பெற்ற பிள்ளையை நானே புதிதாகத் தெரிந்துகொண்டேன். பிறரிடம் இருக்கிற நல்லதைப் பார்க்கும்போது தன்னிடம் ஏதோ குறைந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டில் யார் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது? நானில்லை, உன் அப்பாவும் இல்லை.

இப்போது நான் உன் கல்யாணத்தைப் பற்றிப் பேச வேண்டும். நீ அதைத்தான் நினைத்து நினைத்து நொந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பூந்தமல்லி மண்டபத்தில் ரிசப்ஷன். ரகு புதுச் சட்டை வாங்கி, ஷேவ் செய்து, உனக்காக என்னென்ன பேசலாம் என்று வாரக்கணக்கில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். என்னிடம்கூடச் சொல்லமாட்டான், "அங்க வந்து கேளும்மா" என்பான். நீ அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய், ஆபீஸ்லேர்ந்து பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க, இன்னிக்கு மைக்க எடுக்காத, ப்ளீஸ்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் கூச்சம் எனக்கும் இருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. அவன் "அதுக்கின்னாண்ணா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு ஹாலுக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது பாயசத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு பந்தி பந்தியாகப் போய், மெதுவான குரலில் சாப்பிடுகிறவர்களுக்கு வர்ணனை செய்துகொண்டிருந்தான். வரிசை முழுக்க ஒரே சிரிப்பு. "மனசு கஷ்டமாடா?" என்று கேட்டேன். "அண்ணனுக்குக் கூச்சம்மா. வுடு. அவன் மொகம் இன்னிக்கு எவ்ளோ நல்லா கீது பாத்தியா?" என்றான். மேடையில் நின்ற உன்னைத்தான் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

உன்னைப் பற்றி அவன் என்ன பேச வைத்திருந்தான் என்று என்னிடம் நீ ஒரு தடவை கேட்டாய், அவன் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது. எனக்குத் தெரியாதப்பா. இன்றைக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லி உன்னைத் தேற்றியிருக்கலாம், எனக்கு அந்த மனசு வரவில்லை. அது அவனோடு போய்விட்டது. அதைக் கேட்காமல் விட்டது நஷ்டம்தான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நஷ்டத்துக்கு நீ உன் தொண்டையைக் கொடுத்தால் அது திரும்பி வருமா? அவன் குரலில் நீ பேசினால் உனக்கு அவன் கிடைப்பான் என்று நினைக்கிறாய். கிடைக்கவில்லையே. நான் டீக்கடைக்குப் பின்னால் நின்று கேட்டேனே, எனக்கு அங்கே ரகு கிடைக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, நீயும் கிடைக்கவில்லை. பெற்ற இரண்டு பேரில் ஒருவன்கூட அந்த மைக்கில் இல்லை.

எனக்கும் அந்த ஆசை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. இந்த வீட்டில் சத்தமே இல்லை. ரயில் போகிற சத்தம்தான், அது போனபிறகு ஒன்றும் இல்லை. காலையில் டீ போடும்போது, "இதோ அம்மா பால வெக்கிறாங்க" என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என் குரலைக் கேட்க எனக்கே சகிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீ செய்கிறதைத்தான் நானும் செய்தேன், நான் ஒரு நாளோடு விட்டுவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவனிடம் இருந்ததை நீ தாமதமாகப் பார்த்தாய். பார்த்ததும் அது உனக்கும் வர வேண்டும் என்று கிளம்பிவிட்டாய். நன்றாகச் சமைக்கிறவள் வீட்டில் விருந்து சாப்பிட்டால், சாப்பிட்டு எழுந்து, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே? அவள் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டுமா? ஒருவரிடம் இருக்கிற திறமைக்கு நாம் செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு எதிரில் கொஞ்ச நேரம் உட்காருவது. நீ ரகுவுக்கு எதிரில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. வேலை இருந்தது, படிப்பு இருந்தது, கூச்சம் இருந்தது. உன்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இப்போது அதற்கு ஈடாக நீ செய்கிற காரியம் தப்பான காரியம் என்றுதான் சொல்கிறேன்.

அதனால் நான் ஒரு வேலை செய்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சரி என்றிருப்பாய், மனசுக்குள் செத்திருப்பாய். பட்டாபிராம் பையன்களைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி மணி பேசட்டும் என்று சொல்லிவிட்டேன். மணி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் போட்டியில நான் நின்னா, எதிரி வந்து எடத்தப் புடிச்சிகினான்னு பேசுவாங்கம்மா" என்றார். "பேசினா நான் பதில் சொல்றேன், நீங்க வாங்க" என்றேன். ரகு மாதிரி பேச வேண்டாம், உங்களை மாதிரியே பேசுங்கள் என்றும் சொன்னேன். ரகுவின் மைக்கை அவருக்கும் கொடுக்கவில்லை. ரேவதியிடம் சொல்லியிருக்கிறேன், அதை அவள் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பாள். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். என்னிடம் வந்து கத்து. நீ கத்தி நான் பார்த்ததே இல்லை, அதையாவது பார்க்கிறேன்.

நீ என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார். மணி எங்கே மூச்சு விடுகிறார், எங்கே சும்மா இருக்கிறார் என்று கேள். ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தெரிந்துகொள். நன்றாக இருந்தால் கைதட்டு, இல்லாவிட்டால் சுண்டல் வாங்கிச் சாப்பிடு. உன்னிடம் யாரும் அன்றைக்கு ஒன்றும் எதிர்பார்க்க மாட்டார்கள். அழுகை வந்தால் அழு. ரகு போனபோது ஆம்புலன்ஸ், ஐஸ் பெட்டி, ஐயர், சாமியானா என்று எல்லாவற்றுக்கும் ஓடினாய், உட்கார்ந்து அழ உனக்கு நேரமே கொடுக்கவில்லை நாங்கள். அப்போது விட்டதை இப்போது அழுதுகொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் உன் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உனக்குப் பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. உனக்கு எதில் ஆசை என்று யாரும் கேட்டதில்லை. அப்பா இன்ஜினியரிங் என்றார், நீ படித்தாய். கம்பெனி கூப்பிட்டது, போனாய். நான் பெண் பார்த்தேன், கட்டிக்கொண்டாய், நல்லவேளை அது நன்றாக அமைந்தது. இப்போது தம்பி போனதும் தம்பியின் ஆசையை எடுத்துக்கொண்டாய். உனக்கு எது பிடிக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. சின்ன வயதில் உன்னை நான் கவனித்த ஒரு விஷயம். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே அதைச் செய்ய ஆரம்பித்துவிடுவாய், அம்மா சொன்னாள் என்பதற்காக. நீயே தேடு. தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் சும்மா இரு, அதுவும் தப்பில்லை. நாலு காரியத்தில் கையை வைத்து நாலும் உதவாது என்று விட்டுவிடு, யார் கேட்கப் போகிறார்கள்? ரகு மிருதங்க கிளாஸுக்குப் போய் இரண்டே வாரத்தில் ஓடி வந்தவன்தான்.

இதை எழுதி வைத்துவிட்டு, நீ ஞாயிற்றுக்கிழமை வருவாயே, போட்டிக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாய் வீட்டில் சாப்பிடட்டும் என்று, ஸ்டேஷன் ரோட்டில் மீன்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கப் போனேன். ரகு போனதிலிருந்து நான் அவள் கடைப் பக்கமே போகவில்லை. அவள் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா, எளச்சிட்ட" என்றாள். "ஞாயித்துக்கிழம பெரியவன் வர்றான், நல்ல மீனா எடுத்து வைக்கணும்" என்றேன். "வெச்சிட்டா போச்சு. சின்னவருக்கு வவ்வாலு மீனு, எனுக்குத் தெரியும். பெரியவருக்கு இன்னா மீனு புடிக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நீ சாப்பிட்டது ஞாபகம் வருகிறது, இது வேண்டும் என்று கேட்டது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. உனக்கு மீன் பிடிக்குமா என்பதே எனக்குத் தெரியாது. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், நான் வெறும் பையோடு திரும்பிவிட்டேன். ரோடு முழுக்க அழுதுகொண்டே வந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாம் பாவம், சின்னவனை நினைத்து அழுகிறாள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்றைக்கு நான் உனக்காக அழுதேன் பெரியவனே. இத்தனை நாளில் முதல் தடவையாக உனக்காக மட்டும் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு என்ன சமைக்கட்டும்? யோசித்துச் சொல். நீ சொல்கிறவரை நான் ஒன்றும் வாங்கப் போவதில்லை.

உன் அம்மா